சொந்த நிரல்மொழிக்கு ஆபரேட்டரும் மேக்ரோவும்: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

-2 ^ 2 என்பதன் விடை என்ன? எக்செல் கட்டத்தில் =-2^2 என்று அடித்தால் 4 வரும். பைத்தானில் இதையே ** குறி போட்டு எழுதினால் -4 வரும். ஜாவாஸ்கிரிப்டில் அதே ** குறியோடு எழுதினால் விடையே வராது, அடைப்புக்குறி போடாமல் இதை ஏற்கமாட்டேன் என்று பிழை காட்டி நின்றுவிடும். மூன்றுமே பிசகு இல்லை. கழித்தல் குறி முதலில் பற்றுமா, அடுக்குக்குறி முதலில் பற்றுமா என்பதை அந்தந்த மொழியை வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

சொந்தமாக ஒரு சிறு மொழி எழுத உட்கார்ந்தால் இந்த முடிவையெல்லாம் நீங்கள்தான் எடுக்க வேண்டும். பயனரே புது ஆபரேட்டர் (+, ^ போன்ற குறி) உருவாக்கலாம், மேக்ரோ (ஒரு நிரல் துண்டை வேறொரு துண்டாக மாற்றும் விதி) எழுதலாம் என்று அனுமதித்தாலோ, முடிவில் பாதியை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அதனால் எந்த வசதியைச் சேர்ப்பதற்கு முன்பும் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: ஒரு வரியைப் படிப்பவர், நாலு கோப்பைத் திறந்து தேடாமல், அந்த வரிக்கு மனதிலேயே அடைப்புக்குறி போட முடியுமா? முடியாது என்றால் அந்த வசதி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியவை.

உங்களுக்கு ஏதாவது ஒரு மொழியில் நிரல் எழுதத் தெரியும், தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் பயமுறுத்தாது என்ற அளவில் தொடங்குகிறேன். மாதிரி நிரல்களைத் தமிழ்ச் சொற்களில் எழுதியிருக்கிறேன். எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: அடைப்புக்குறி போட்டுக் காட்டும் கருவி

நிரல் வரியைப் படித்து அதன் அமைப்பை மரமாகக் கட்டும் பகுதிதான் பார்சர். அதைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கருவியை எழுதிவிடுங்கள். பார்சர் கட்டும் மரத்தை வாங்கி, ஒவ்வொரு கணுவுக்கும் அடைப்புக்குறி போட்டு அச்சிடும் சின்ன ஃபங்ஷன் இது.

```
ஃபங்ஷன் காட்டு(கணு):
    கணு எண் அல்லது பெயர் எனில்:
        திருப்பு கணு.உரை
    திருப்பு "(" + காட்டு(கணு.இடது) + கணு.குறி + காட்டு(கணு.வலது) + ")"
```

இனி உங்கள் சோதனைகள் எல்லாம் இரண்டு சரங்களாக இருக்கும். 2 + 3 * 4 - 1 கொடுத்தால் ((2+(3*4))-1) வர வேண்டும். விடை 13 வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தவறான மரமும் தற்செயலாகச் சரியான எண்ணைத் தந்துவிடும். கணக்குப் போடும் பகுதியை எழுதாமலே பார்சரைச் சோதிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

இரண்டாம் படி: பிராட் பார்சர்

ஆபரேட்டர் முன்னுரிமையை, அதாவது எந்தக் குறி முதலில் பற்றும் என்பதை, கையாள 1961-லேயே டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் ஒரு வழி சொன்னார். ஷண்டிங் யார்ட் என்று பாடப்புத்தகங்களில் வருவது அதுதான். நான் பரிந்துரைப்பது 1973-ல் வான் பிராட் வெளியிட்ட முறையை. முன்னொட்டுக் குறி (-2 என்பதில் உள்ள கழித்தல் போல மதிப்புக்கு முன்னால் ஒட்டுவது), ஃபங்ஷன் அழைப்பு எல்லாம் அதில் இயல்பாக உட்காரும். அதைவிட முக்கியம், புது ஆபரேட்டர் சேர்ப்பது என்றால் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது மட்டுமே. பயனர் உருவாக்கும் ஆபரேட்டர்களை அனுமதிக்கப்போகும் நமக்கு இதுதான் வேண்டும்.

ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் இரண்டு எண் கொடுக்கிறோம். இடப்பக்கத்தை எவ்வளவு பலமாகப் பற்றும், வலப்பக்கத்தை எவ்வளவு பலமாகப் பற்றும் என்று.

```
குறி      இடவலு    வலவலு
+  -       10        11
*  /       20        21
^          31        30
```

பெருக்கலும் வகுத்தலும் ஒரே வரியில் இருப்பதைக் கவனியுங்கள். போட்மாஸ் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததில் வகுத்தல் முன்னால் வருவதால், அது பெருக்கலைவிட உயர்ந்தது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு எண் வகுத்தல் உள்ள மொழியில் அப்படி வைத்தால் 3 * 5 / 2 என்பது 7-க்குப் பதில் 6 ஆகிவிடும்.

இப்போது பார்சரின் இதயம் (கோவை என்பது 2 + 3 போன்ற கணக்கு, டோக்கன் என்பது எண், பெயர், குறி என்று அதை வெட்டிய ஒரு துண்டு):

```
ஃபங்ஷன் கோவை_படி(குறைந்த_வலு):
    இடது = தொடக்கம்_படி()
    சுழல்:
        குறி = அடுத்த_டோக்கனைப்_பார்()
        குறி அட்டவணையில் இல்லை எனில்: நிறுத்து
        இடவலு(குறி) < குறைந்த_வலு எனில்: நிறுத்து
        டோக்கனை_எடு()
        வலது = கோவை_படி(வலவலு(குறி))
        இடது = புதுக்கணு(குறி, இடது, வலது)
    திருப்பு இடது
```

தொடக்கம்_படி என்பது ஓர் எண்ணையோ பெயரையோ அடைப்புக்குறிக்குள் உள்ள கோவையையோ படிக்கும்.

காகிதம் எடுத்து ஒருமுறை நடந்து பாருங்கள். 2 + 3 * 4 - 1, குறைந்த வலு 0. இடது 2. அடுத்தது +, அதன் இடவலு 10, பூஜ்யத்தைவிடப் பெரிது, எடுத்தாயிற்று. வலப்பக்கத்துக்காக 11 என்ற வலுவோடு உள்ளே போகிறோம். அங்கே இடது 3, அடுத்தது *. இருபது பதினொன்றைவிடப் பெரிது, அதையும் எடுத்துவிட்டு 21 வலுவோடு இன்னும் ஒரு படி உள்ளே. அங்கே 4, அடுத்து வருவது - குறி. அதன் வலு 10 மட்டுமே, 21-க்குப் போதாது. எனவே 4 மட்டும் திரும்புகிறது. இப்போது (3*4) தயார், ஆனால் அந்தக் கழித்தல் இன்னும் காத்திருக்கிறது. பதினொன்றுக்கும் அது போதாது, மறுபடி வெளியே வருகிறோம். (2+(3*4)) ஆகிவிட்டது. இங்கே குறைந்த வலு 0 என்பதால் கழித்தலுக்கு இடம் கிடைக்கிறது. முடிவு ((2+(3*4))-1).

வலவலு இடவலுவைவிட ஒன்று கூடுதல் என்றால் அந்த ஆபரேட்டர் இடமிருந்து சேரும், ஒன்று குறைவு என்றால் வலமிருந்து சேரும். 2 ^ 3 ^ 2 என்பதை (2^(3^2)) என்று எடுக்க, 31, 30 என்ற அந்த ஒரு எண் வித்தியாசம் போதும். தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: முன்னொட்டுக் குறியும், சேரக்கூடாத குறிகளும்

முன்னொட்டுக் கழித்தலைத் தொடக்கம்_படி ஃபங்ஷனில் வையுங்கள். - வந்தால் அதை எடுத்துவிட்டு கோவை_படி(25) அழைக்க வேண்டும். இருபத்தைந்து என்பது பெருக்கலுக்கு மேலே, அடுக்குக்குறிக்குக் கீழே. ஆகவே -2 ^ 2 என்பது பைத்தான் வழியில் -(2^2) ஆகும். 35 என்று வைத்தால் எக்செல் வழி. ஜாவாஸ்கிரிப்ட் வழியில் போக, முன்னொட்டுக் கணுவை அடுத்து நேராக ^ வந்தால் பிழை கொடுங்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய இடத்தில் அடைப்புக்குறி கேட்பது பயனருக்கு இரண்டு எழுத்துச் செலவு, படிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

ஒப்பீட்டுக் குறிகளிலும் இதே கதைதான். 3 > 2 > 1 என்பது சி மொழியில் 0. முதல் பாதி 1 ஆகி, அந்த 1 கடைசி 1-ஐவிடப் பெரிதா என்று பார்க்கிறது. பைத்தானில் இது மெய், கணிதத்தில் எழுதுவதுபோலவே இரண்டு ஒப்பீடுகளாக எடுத்துக்கொள்கிறது. ரஸ்ட் கம்பைல் செய்யவே மறுக்கிறது. ரஸ்ட் வழி எளிது: ஒப்பீட்டுக் கணு கட்டி முடித்ததும் அடுத்த டோக்கனும் அதே நிலையில் உள்ள குறியாக இருந்தால் பிழை.

எண்களை நிரப்பும்போது ஒன்று மனதில் இருக்கட்டும். வெளியிட்ட பிறகு இந்த அட்டவணையை மாற்ற முடியாது. சி மொழியில் அ & ஆ == இ என்று எழுதினால் முதலில் == தான் நடக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். இது எப்படி நேர்ந்தது என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே விளக்கியிருக்கிறார். தொடக்கத்தில் && என்ற குறி கிடையாது, நிபந்தனைகளை இணைக்கவும் & தான் பயன்பட்டது. பிறகு && வந்தபோது, ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடைந்துவிடக்கூடாதே என்று & குறியின் இடத்தை நகர்த்தாமல் விட்டுவிட்டார்கள். அந்த அட்டவணையைப் பின்பற்றிய பல மொழிகளும் அதையே சுமக்கின்றன.

நான்காம் படி: பயனரின் ஆபரேட்டர்கள்

இங்கே முதல் சிக்கல் பார்சரில் இல்லை, உரையை டோக்கன்களாக வெட்டித் தரும் லெக்சரில். + - * / < > = | ? ! போன்ற குறி எழுத்துகள் ஒட்டியே வந்தால் அத்தனையையும் சேர்த்து ஒரே ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். விதி எளிது. ஆனால் அ+-ஆ என்று நெருக்கி எழுதினால் +- என்ற இல்லாத ஆபரேட்டர் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டு இடைவெளி விடச் சொல்லுங்கள். எந்த ஆபரேட்டர்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து லெக்சர் வெட்டும் இடத்தை மாற்றுவது மட்டும் கூடாது. எங்கோ ஒரு நூலகத்தில் புது ஆபரேட்டர் வந்ததும் உங்கள் பழைய வரி வேறு அர்த்தமாகிவிடும். நீளமாக வெட்டும் விதி சி++ மொழியையே படுத்தியிருக்கிறது: வெக்டர்<வெக்டர்<இன்ட்>> என்று எழுதினால் கடைசி இரண்டு குறிகளும் >> ஆபரேட்டராகிவிடும் என்பதால், 2011 தரநிலை வரும்வரை நடுவில் இடைவெளி விட வேண்டியிருந்தது.

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க அனுமதிப்பதாக இருந்தால் லெக்சரில் இன்னொரு கவனமும் வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் எழுத்து வகையில் வராது, சேரும் குறி வகையில் வரும். பைத்தானில் "கி" என்ற சரத்தை இஸ்ஆல்ஃபா கொண்டு சோதித்தால் பொய் என்றே வரும். இஸ்ஐடென்டிஃபையர் என்ற சோதனைதான் சரி. அப்புறம், "கொ" என்பதை ஒற்றை உயிர்க்குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், மாறிப் பெயராக ஒப்பிட்டால் வேறு வேறு. லெக்சரின் வாசலிலேயே யூனிகோடு இயல்பாக்கம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து முன்னுரிமையை எப்படி அறிவிப்பது. ஹாஸ்கெல் 0 முதல் 9 வரை எண் கொடுக்கச் சொல்கிறது. அறிவிக்காமல் விட்டால் 9, இடமிருந்து. புரோலாக் 1 முதல் 1200 வரை தருகிறது, அங்கே சிறிய எண்தான் பலமாகப் பற்றும். ஓகாமலும் ஸ்கேலாவும் அறிவிப்பே கேட்பதில்லை. ஆபரேட்டரின் முதல் எழுத்தைப் பார்த்து முன்னுரிமையை முடிவு செய்கின்றன, +* என்று நீங்கள் எதை உருவாக்கினாலும் அது + போலவே நடக்கும். ஸ்விஃப்ட் எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெயருள்ள குழுக்களை வைத்து, இது அதற்கு மேலே என்று மட்டும் சொல்ல வைக்கிறது.

நான் வைத்த கேள்விப்படி பார்த்தால் ஓகாமல் வழியும் ஸ்விஃப்ட் வழியும் தேறும். முதல் எழுத்து விதியில் வேறு கோப்பைத் திறக்கவே தேவையில்லை. முதல் பதிப்புக்கு அதுவே போதும் என்பேன். கூடுதல் சுதந்திரம் வேண்டுமென்றால் குழுக்கள்:

```
குழு குழாய்: சேர்க்கை இடது, கூட்டலுக்குக் கீழே
ஆபரேட்டர் |> : குழு குழாய்
ஆபரேட்டர் <+> : குழு கூட்டல்
```

இரண்டு குழுக்களுக்கு இடையே எந்த உறவும் சொல்லப்படவில்லை என்றால், அவற்றை அடைப்புக்குறி இல்லாமல் கலப்பது பிழை. எண்ணை அனுப்பும் இடத்தில் முந்தைய ஆபரேட்டரையே கோவை_படி-க்கு அனுப்பி, இரண்டின் குழுவையும் ஒப்பிட வேண்டியதுதான் வேலை. மேல், கீழ், சமம், தெரியாது என நாலு விடை. தெரியாது என்றால் பிழைச்செய்தி. ஜாவாஸ்கிரிப்ட் 2020-ல் ?? ஆபரேட்டரைச் சேர்த்தபோது இதைத்தான் செய்தார்கள்: || அல்லது && உடன் அடைப்புக்குறி இல்லாமல் அதைக் கலந்தால் பிழை.

அறிவிப்பு கோப்பின் கடைசியில் இருந்தால் என்ன செய்வது? புரோலாக்கில் அறிவித்த இடத்திலிருந்துதான் அது செல்லும். ஹாஸ்கெலில் எங்கே இருந்தாலும் சரி. இரண்டாவது வேண்டுமென்றால் பார்சரை இரண்டாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் கோவையை மரமாக்காமல், மதிப்பு, குறி, மதிப்பு, குறி என்று நீட்டமான பட்டியலாக மட்டும் படியுங்கள். குறி எழுத்துகளின் வரிசை எல்லாமே ஆபரேட்டர் என்று லெக்சரில் முடிவு செய்திருப்பதால் இது முடியும். அறிவிப்புகள் எல்லாம் கைக்கு வந்த பிறகு, இறக்குமதி செய்தவை உட்பட, அதே கோவை_படி ஃபங்ஷனை அந்தப் பட்டியலின் மேல் ஓட்டுங்கள். புதிதாக எழுத வேண்டியது கொஞ்சம்தான்.

ஐந்தாம் படி: மேக்ரோ எதற்கு, எந்த வடிவில்

முதலில் எதற்கு. நம் மொழியில் ?? ஆபரேட்டரை நூலகத்திலேயே எழுதப் பார்க்கலாம். இடப்பக்கம் வெறுமை என்றால் மட்டும் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விலை ?? பட்டியலில்_தேடு(பொருள்)

இதை ஃபங்ஷனாக எழுதினால் விலை கையில் இருந்தாலும் தேடல் ஓடிவிடும். ஃபங்ஷனுக்குள் போவதற்கு முன்பே இரண்டு மதிப்பும் கணக்கிடப்படுகின்றன அல்லவா. இங்குதான் மேக்ரோ வேண்டும். அது மதிப்பை வாங்காது, கோவையை மரமாகவே வாங்கி வேறு மரத்தைத் திருப்பித் தரும். ஃபங்ஷனால் முடிகிற வேலைக்கு மேக்ரோ வேண்டாம் என்று உங்கள் ஆவணத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

மரமாக வாங்குவது ஏன் முக்கியம் என்பதற்கு சி மொழியைப் பார்த்தால் போதும். அங்கே மேக்ரோ என்பது, பார்சருக்கு முன்னால், டோக்கன்களை அப்படியே ஒட்டும் வேலை. இருமடி(எ) என்பதை எ * எ என்று வரையறுத்தவர் இருமடி(1 + 2) எழுதினால் 1 + 2 * 1 + 2 ஆகி, 9-க்குப் பதில் 5 வரும். அதனால்தான் சி நிரலர்கள் மேக்ரோவில் எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி போடுகிறார்கள். மரத்தில் 1 + 2 ஏற்கெனவே ஒரே கணு. அதை எங்கே வைத்தாலும் உடையாது. லிஸ்ப் மொழிக்கு டிமதி ஹார்ட் 1963-ல் மேக்ரோ கொண்டுவந்த நாள் முதல் அங்கே இப்படித்தான்.

ஆகவே வரிசை இதுதான்: டோக்கன், ஆபரேட்டர் அறிவிப்புகள், நீட்டப் பட்டியல், மரம், அதன்பிறகே மேக்ரோ. ஒரு மேக்ரோ புது ஆபரேட்டரை அறிவிக்க அனுமதிக்காதீர்கள். மரம் கட்ட அறிவிப்பு வேண்டும், அறிவிப்பு கிடைக்க மரம் வேண்டும் என்று சுற்றிக்கொண்டு நிற்கும்.

ஆறாம் படி: பெயர் மோதல்

நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி இது. ?? மேக்ரோவை எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம்:

```
மேக்ரோ (இட ?? வல):
    { மாறி டெம்ப் = இட
      டெம்ப் == வெறுமை எனில் வல இல்லையேல் டெம்ப் }
```

டெம்ப் எதற்கு? இட என்பதை இரண்டு இடத்தில் நேராகப் போட்டால் அது இரண்டுமுறை ஓடும். அங்கே ஃபங்ஷன் அழைப்பு இருந்தால் இரண்டுமுறை அழைக்கப்படும். அதனால் ஒருமுறை ஓட்டி வைத்துக்கொள்கிறோம். நியாயமான காரியம்தான்.

இப்போது ஒரு பயனர் தன் நிரலில் தொகை ?? டெம்ப் என்று எழுதுகிறார். அவரிடமும் டெம்ப் என்று ஒரு மாறி இருக்கிறது, அதில் 50 இருக்கிறது. விரித்தால்:

```
{ மாறி டெம்ப் = தொகை
  டெம்ப் == வெறுமை எனில் டெம்ப் இல்லையேல் டெம்ப் }
```

தொகை வெறுமை என்றால் 50 வர வேண்டும், வெறுமையே வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பயனர் எழுதிய வரியை எத்தனைமுறை படித்தாலும் அதில் தவறு தெரியாது. டெம்ப்பை யாரும் வைக்காத பெயராக மாற்றிவிடலாம் என்று முதலில் தோன்றும். அதே மேக்ரோவை அதன் உடலுக்குள்ளேயே பயன்படுத்தும்போது அந்தப் பெயரும் மோதக்கூடும்.

1986-ல் கோல்பெக்கர், ஃப்ரீட்மேன், ஃபெலைசன், டூபா ஆகிய நால்வர் ஸ்கீம் மொழியை ஒட்டி இதற்கு முறையான தீர்வு வெளியிட்டார்கள். ஹைஜீனிக் மேக்ரோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சிறு மொழிக்குத் தேவையான அளவில் அதை இப்படிச் செய்யலாம். மரத்தில் ஒவ்வொரு பெயரோடும் ஒரு முத்திரை எண் வையுங்கள். பயனர் எழுதியவை எல்லாம் 0. மேக்ரோ ஒவ்வொருமுறை விரியும்போதும் ஒரு புது எண் எடுத்து, மேக்ரோவின் உடலில் இருந்து வரும் பெயர்களுக்கு மட்டும் அந்த எண்ணைக் குத்துங்கள். பயனர் கொடுத்த துண்டுகளைத் தொடாதீர்கள்.

```
{ மாறி டெம்ப்#7 = தொகை#0
  டெம்ப்#7 == வெறுமை எனில் டெம்ப்#0 இல்லையேல் டெம்ப்#7 }
```

மாறியைத் தேடும்போது பெயரும் முத்திரையும் இரண்டும் பொருந்த வேண்டும். மோதல் தீர்ந்தது.

இன்னொரு பாதி இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுவார்கள். மேக்ரோவின் உடல் பதிவுசெய் என்ற நூலக ஃபங்ஷனை அழைக்கிறது, பயனர் தன் கோப்பில் பதிவுசெய் என்று வேறொன்றை வைத்திருக்கிறார். மேக்ரோ நூலகத்தினுடையதைத்தான் அழைக்க வேண்டும். ஆகவே முத்திரை குத்திய பெயர் விரிந்த துண்டுக்குள் கிடைக்கவில்லை என்றால், மேக்ரோவை வரையறுத்த இடத்தில் தேடுங்கள், அழைத்த இடத்தில் தேடாதீர்கள். இதற்காக ஒவ்வொரு முத்திரை எண்ணும் தன் மேக்ரோ பிறந்த இடத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ரஸ்டின் மேக்ரோ_ரூல்ஸ் உள்ளூர் மாறிகளுக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஃபங்ஷன் பெயர்களுக்குத் தருவதில்லை, அதனால் நூலகம் எழுதுகிறவர்கள் முழுப்பாதையைக் குறிப்பிட்டே எழுதுகிறார்கள்.

ஏழாம் படி: எல்லை, விரித்துக் காட்டுதல், பிழைச்செய்தி

தன்னையே விரித்துக்கொண்டு போகும் மேக்ரோவை யாராவது கட்டாயம் எழுதுவார்கள். ஆழத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். ரஸ்டில் அது இயல்பாக 128, உங்களுக்கும் அந்த அளவு போதும்.

விரித்துக் காட்டும் கட்டளையைத் தொடக்கத்திலேயே கொடுங்கள். காமன் லிஸ்பில் இதற்கென்றே ஒரு படி மட்டும் விரிக்கும் மேக்ரோஎக்ஸ்பேண்ட்-1 இருக்கிறது. முழுவதும் ஒரேயடியாக விரித்தால் எங்கே கோணியது என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால் அந்த ஒற்றைப் படி மிகவும் உதவும். முதல் படியில் எழுதிய காட்டு ஃபங்ஷன் இதற்கும் அப்படியே பயன்படும்.

கடைசியாகப் பிழைச்செய்தி. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இடக்குறிப்பு சேமியுங்கள்: மேக்ரோ உடலில் எந்த வரி, அழைத்தது எந்த வரி. செய்தியில் அழைத்த இடம் முதலில் வரட்டும், பயனரால் திருத்த முடிவது அதைத்தான்.

```
கடை.நிரல், வரி 14: விலை ?? அளவு || 1
  ?? குறியையும் || குறியையும் சேர்த்து எழுத அடைப்புக்குறி வேண்டும்.
  இப்படியா:   (விலை ?? அளவு) || 1
  அல்லது:    விலை ?? (அளவு || 1)
```

இரண்டு வடிவத்தையும் முழுதாக எழுதிக் காட்டுவது கூடுதல் வேலை போலத் தெரியும். பட்டியலின் மேல் இரண்டு அனுமானத்தோடும் கோவை_படியை ஓட்டிவிட்டு காட்டு ஃபங்ஷனை அழைத்தால் இரண்டு வரியும் கிடைத்துவிடும்.